யாம்னா பேசாத பேச்சு

தம்ரூத் கிராமத்தில் யாம்னாவின் குரல் எட்டாத வீடு கிடையாது. அவள் மாடியில் நின்று, பேரீச்சந்தோப்பில் இருக்கும் புருஷனைச் சாப்பிடக் கூப்பிட்டால், "பக்கத்து ஊர்க்காரன் கையைக் கழுவிட்டு உக்காந்துருவான்" என்று பம்புசெட்டு ஜிலாலி கேலி பண்ணுவான். கல்யாண வீடுகளில் பெண்கள் வரிசையாக நின்று பாடும்போது முதல் அடியை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். லேசான கரகரப்பு, அதற்குள் ஓர் இதம். துக்க வீட்டில்கூட, வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பவர்களைப் பேச வைக்க அவளைத்தான் அனுப்புவார்கள்.

மற்றபடி அவளும் எல்லாரையும் போலத்தான். கூட்டுறவுக் கொட்டகையில் பேரீச்சம்பழம் தரம் பிரிக்கும் வேலை. புருஷன் ஹம்மூவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் மரங்கள், ஆடுகளுக்கென்று ஒரு பாத்தி குதிரைமசால், ஒரு கிணறு.

அந்தக் கிணறுதான் பிரச்சினை. அவர்கள் கிணறு மட்டுமல்ல, த்ரா பள்ளத்தாக்கில் எல்லார் கிணறும். மழை என்று ஒன்று பெய்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. மேலே அணையைத் திறந்துவிட்டால் ஆற்றில் தண்ணீர் வரும். அந்தத் திறப்பும் குறைந்துகொண்டே போய், ஆற்றுப் படுகை பிள்ளைகள் பந்து விளையாடுகிற மைதானமாகிவிட்டது. ஆளாளுக்குக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். தன் கிணற்றில் எவ்வளவு கிடக்கிறது என்று யாரும் அடுத்தவரிடம் வாய் திறப்பதில்லை. கேட்டால், "ஏதோ ஆண்டவன் புண்ணியத்துல ஓடுது" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சூமியா வந்து சேர்ந்தாள். தலைநகர் ரபாத்காரி, கம்ப்யூட்டர் படித்தவள், சின்ன வயசு. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் வேலையில் ஊர் மக்களையே கூட்டுச் சேர்ப்பது என்று வெளிநாட்டு நிதியில் ஒரு திட்டம். அவள் கொண்டுவந்த செயலிக்கு தானூத் என்று பெயர்; அவர்கள் பாஷையில் சின்னக் கிணறு. ஒவ்வொரு வீட்டிலும் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, தண்ணீர் எத்தனை முழத்தில் இருக்கிறது என்று வாராவாரம் போனில் சொல்ல வேண்டும். எல்லாருடைய அளவும் சேர்ந்து ஊர்ப்படத்தில் நிறமாக விழும். நல்ல தண்ணீர் உள்ள பக்கம் நீலம், குறைகிற பக்கம் மஞ்சள், வற்றுகிற பக்கம் சிவப்பு. படத்தைப் பார்த்து, எந்தப் பம்பை எப்போது ஓட்டுவது, எதை எப்போது நிறுத்துவது என்று ஊரே கூடிப் பேசி முடிவு செய்யலாம்.

சங்கக் கூட்டத்தில் அவள் இதை விளக்கி முடித்ததும் ஜிலாலி எழுந்தான். ஊரிலேயே பெரிய பம்பு அவனுடையது.

"ஏன் அம்மணி, அந்த ஆப்பை அமுக்கினா கிணத்துல தண்ணி வந்துருமா?"

ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. சூமியாவின் முகம் சிவந்துபோனது. பெண்கள் பக்கத்திலிருந்து யாம்னாவின் குரல் வந்தது.

"உன் பம்பு ஓடுற சத்தத்துல எங்க கிணறு காயற சத்தம் உனக்குக் கேக்கல ஜிலாலி. அதைக் கேக்க வைக்கறேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. கொஞ்சம் வாயை மூடிட்டுக் கேளேன்."

இப்போது பெண்கள் பக்கம் சிரித்தார்கள். சூமியா தலையை எட்டி எட்டி, பேசியது யார் என்று தேடினாள்.

மறுநாள் காலையில் சூமியா யாம்னா வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அக்கா, இந்த ஊர்ல முக்கால்வாசிப் பேருக்குப் படிக்க வராது. எழுத்தைக் காட்டிப் பிரயோஜனம் இல்ல. போனே பேசணும். அவங்க பாஷையில பேசணும், அவங்களுக்குத் தெரிஞ்ச குரல்ல பேசணும். உங்க குரலைக் குடுப்பீங்களா?"

"குரல்தானே? அதுக்கு நான் என்ன வரியா கட்டறேன்? எடுத்துக்க" என்றாள் யாம்னா.

அந்தப் பருவம் முழுக்க சூமியா அவர்கள் வீட்டிலேயே தங்கினாள். உள்ளறைச் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, ஆடு கத்துவது உள்ளே வராமல் அடைத்து, யாம்னாவை உட்கார வைத்துப் பேச வைத்தாள். வார்த்தை வார்த்தையாக, வாக்கியம் வாக்கியமாக. சிரித்துக்கொண்டு சொல், கவலையாகச் சொல், அவசரமாகச் சொல். யாம்னாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. நடுநடுவே மூச்சு வாங்கும்.

"எதுக்குடி இவ்வளவு? 'தண்ணி எவ்வளவு இருக்கு'ன்னு கேக்கத்தானே போறேன்? அதுக்கு எதுக்கு 'வீடு', 'மகன்', 'வருத்தம்', 'சம்மதம்' எல்லாம்?"

"மெஷின் உன்னை மாதிரியே பேசக் கத்துக்கணும்க்கா. நாளைக்கு அனல் அடிச்சா அதைச் சொல்லணும், புழுதிக்காத்து வந்தா அதையும் சொல்லணும். ஒவ்வொண்ணுக்கும் உன்னைக் கூப்பிட்டு உக்கார வைக்க முடியுமா? நீ தூங்கும்போதுகூட அது உனக்காகப் பேசும்."

"எனக்காகப் பேச என் புருஷனுக்கே வாய் வராது. ஒரு மெஷினாவது பேசட்டும்" என்றாள் யாம்னா. கதவுக்கு வெளியே ஹம்மூ இருமினான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பதிவை அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை சமைக்கும் கூஸ்கூஸ் ரவைச்சோற்றை மூன்று பேரும் ஒரே தட்டிலிருந்துதான் சாப்பிட்டார்கள். இறைச்சித் துண்டுகளை யாம்னா சூமியா பக்கம் தள்ளிவிடுவாள். "நீ எங்க வீட்டுப் பொண்ணு. ரபாத்துல உன்னைத் தப்பா பெத்துட்டாங்க" என்பாள்.

அதற்கப்புறம் நடந்ததை ஊர் லேசில் மறக்காது. முதலில் பெண்கள்தான் அளவு சொன்னார்கள். போன் மணி அடிக்கும். எடுத்தால் யாம்னா பேசுவாள். "நான் யாம்னா பேசறேன். கிணத்துல கயிறு விட்டீங்களா? எத்தனை முழம்?" கொட்டகையில் பழம் பிரித்துக்கொண்டிருக்கும் யாம்னாவும் போனில் பேசும் யாம்னாவும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தால், பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஊர்ப்படத்தில் நிறம் ஏறியது. ஜிலாலியின் பம்பு ஓடும் நாட்களில் கீழ்ப்பக்கம் நாலைந்து வீட்டுக் கிணறுகள் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போவதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். ஜிலாலியும் பார்த்தான். அடுத்த கூட்டத்தில் தாடையைச் சொறிந்துகொண்டு, "சரி, முறை வெச்சு ஓட்டுவோம்" என்றான். அந்தக் கோடையில் கீழ்ப்பக்கம் ஒரு கிணறும் வற்றவில்லை. யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் என்பது, ஊர் தோன்றிய நாள் முதலாக முதல்முறையாக, எல்லாருக்கும் தெரிந்த விஷயமாயிற்று.

மேற்குக் கோடியில் இஜ்ஜா சித்தியின் நிலம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் அகாதிரில் துறைமுக வேலை. தனியாக இருந்தாள். சூமியா அந்தப் பக்கம் போனால் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவாள். அவள் கிணற்றுத் தண்ணீர்தான் ஊரிலேயே இனிப்பு. படத்தில் அந்தப் பக்கம் எப்போதும் நீலம். அனல் காற்று அடித்த நாட்களில் செயலி அவளை மத்தியானந்தோறும் கூப்பிடும்: "சித்தி, நான் யாம்னா. வெளியில போகாதீங்க. தண்ணி குடிச்சீங்களா?" அது மெஷின் என்று இஜ்ஜாவுக்குச் சொல்லித்தான் இருந்தார்கள். இருந்தாலும் அவள் விடமாட்டாள். "குடிச்சேன்டி மகளே. நீ சாப்டியா? வயித்துப் பிள்ளைக்காரி, நிக்காம உக்காரு" என்பாள். யாம்னா நேரில் போனால், "நேத்து நீ போன்ல ரொம்ப சோர்வா பேசினே" என்று குறை சொல்வாள்.

பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. யாம்னா யோசிக்கவே இல்லை. சூமியா என்று பெயர் வைத்தாள். பெயர் சூட்டும் நாளில் பெரிய சூமியா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய் என்று யாம்னாவால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளைக் குடைகிறது.

குழந்தை தவழ ஆரம்பித்த நேரத்தில் சூமியாவின் வருகை குறைந்தது. பிறகு போன் மட்டும். ஒருநாள், "அக்கா, நிதி முடிஞ்சு போச்சு. வேற ஒரு கம்பெனி எடுத்து நடத்தப் போறாங்க. உங்களுக்கு ஒண்ணும் மாறாது. அளவு சொல்றதை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாள். யாம்னா அதைக் கொட்டகையில் எல்லாரிடமும் சொன்னாள். சோம்பல்பட்டவர்களை வீடு வீடாகப் போய்த் திட்டிக்கூட வந்தாள்.

தோப்பு அறுவடை முடிந்த சமயம். கொட்டகைக்குப் போகிற வழியில் மேற்கே ஒரு இரும்புக் கோபுரம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தாள் யாம்னா. ஆழ்துளை போடும் யந்திரம். லாரிகள், குழாய்கள். அது நின்றது இஜ்ஜா சித்தியின் நிலத்தில். சித்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடினாள்.

இஜ்ஜா வாசலில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, உங்க நிலத்துல யாரு யந்திரத்தை நிறுத்தியிருக்கறது? என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

இஜ்ஜா நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி கேக்கறே? நீ சொல்லித்தானே வித்தேன்?"

"நானா?"

"பின்னே? எத்தனை தடவை கூப்பிட்டே! 'சித்தி, உங்க கிணறு இன்னும் ரெண்டு வருஷம்தான் தாங்கும், அப்புறம் நிலத்தைச் சீந்த ஆள் இருக்காது, இப்பவே நல்ல விலை வருது, மகனுக்கும் பாரம் குறையும்'னு சொன்னே. நான் யோசிக்கறேன்னு சொன்னேன். மறுநாளும் கூப்பிட்டே. 'சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சித்தி, மத்ததை நான் பாத்துக்கறேன்'னே. சொன்னேன். அப்புறம் ரெண்டு பேர் வந்தாங்க. மகனும் சரின்னான். கைநாட்டு வெச்சேன்."

"சித்தி, நான் உங்களைக் கூப்பிடவே இல்ல. அது மெஷின்."

"மெஷின்னா கிணத்தைப் பத்திக் கேக்கும், வெயிலைப் பத்திக் கேக்கும். நிலத்தைப் பத்தி நீதான்டி பேசினே. எனக்கு உன் குரல் தெரியாதா?"

அவள் போனை வாங்கி, செயலியில் பதிவாகியிருந்த பழைய அழைப்புகளை யாம்னா தேடினாள். ஒன்று கிடைத்தது. அமுக்கினாள். தன் தொண்டையிலிருந்து, தன் கரகரப்போடு, தன் செல்லத்தோடு ஒரு பேச்சு வந்தது. "நான் உங்க யாம்னா. உங்களுக்குக் கெட்டது நினைப்பேனா சித்தி?" இடையில் ஒரு சின்ன மூச்சு வாங்கல்கூட இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசினாளே, அந்த மூச்சு.

யாம்னா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இஜ்ஜா கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தாள்.

"அப்போ நீ கேக்கலியா?"

"இல்ல சித்தி."

"நீ கேட்டேன்னுதானேடி குடுத்தேன்" என்றாள் இஜ்ஜா. அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒன்றும் புரியாத குழந்தை மாதிரி சொன்னாள்.

மேற்குப் பக்கம் இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி விற்றிருந்தார்கள். நீலமாக இருந்த இடம் மட்டும். எங்கே தோண்டினால் தண்ணீர் வரும் என்று கம்பெனி தேடி அலையவே இல்லை. ஊரே கயிறு விட்டுப் பார்த்து வாராவாரம் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. ஒரு மாதத்தில் அங்கே தர்பூசணிப் பாத்திகளும் பிளாஸ்டிக் விரிப்புகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பளபளத்தன. நாலு ஆழ்துளைகள் பகலெல்லாம் ஓடின. கீழே கிணறுகள் மடமடவென்று இறங்கின.

யாம்னா முதலில் செய்தது, அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. போனில் பேசினாள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டாள்: "நான் யாம்னா. நிஜ யாம்னா. என் குரல்ல யார் நிலத்தைப் பத்திக் கேட்டாலும் நம்பாதீங்க, பதில் சொல்லாதீங்க."

பத்து நிமிஷத்தில் ஜிலாலியின் பதில் வந்தது. "இதை எப்படி நம்பறது? அந்த யாம்னா இதைவிடத் தெளிவா பேசறா."

சிலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். சிலர் ஒன்றும் போடவில்லை. ஒன்றும் போடாதவர்கள்தான் அவளை அதிகம் நோகடித்தார்கள். மறுநாள் கொட்டகையில் அவள் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. பழங்கள் கூடையில் விழுகிற சத்தம் மட்டும். கம்பெனி அவளுக்குத் தரகு கொடுத்தது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ரொட்டி சுடும் பொது அடுப்பில் அவள் முறை வந்தால் அடுப்பு அணைந்துவிட்டது என்றார்கள். ஹம்மூவிடம் ஒருத்தன் நேரடியாகவே கேட்டுவிட்டான்: "உன் பொண்டாட்டி பங்குல எப்போ கார் வாங்கறே?" ஹம்மூ அடிக்கப் போய், தானே அடிபட்டுக்கொண்டு வந்தான்.

"அவ எங்க இருக்கான்னு தெரியுமா?" என்று கேட்டான், உதட்டில் ரத்தத்தைத் துடைத்தபடி.

"யாரு?"

"உன் தங்கச்சி."

சூமியா மராக்கேஷில் இருந்தாள். யாம்னா விசாரித்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனாள். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற அந்த வழியெல்லாம் ஒன்றையே வேண்டிக்கொண்டாள்: இவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது. இவளையும் ஏமாற்றியிருக்க வேண்டும். இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுது, சேர்ந்து சண்டைக்குப் போக வேண்டும்.

கண்ணாடிக் கட்டடம். வாசலில் அந்தக் கம்பெனியின் பெயர்தான் இருந்தது. யாம்னா அதைப் படிக்கவில்லை. பச்சைத் தர்பூசணிக் கீற்றுப் படத்தைப் பார்த்ததும் புரிந்துபோயிற்று. இதே படம்தான் லாரிகளில் இருந்தது.

சூமியா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அக்கா! சொல்லாம வந்துட்டே! குட்டி சூமியா எப்படி இருக்கா?"

"அவ பேரை மாத்திட்டோம்" என்றாள் யாம்னா. மாற்றவில்லை. வாயில் வந்துவிட்டது.

சூமியாவின் கை தானாகக் கீழே இறங்கியது. ஒரு சின்ன அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தாள். புதினா டீ வந்தது. யாம்னா தொடவில்லை.

"நீ இங்கதான் வேலை பாக்கறியா?"

"நிதி நின்னுபோச்சுக்கா. எல்லாத்தையும் மூடச் சொல்லிட்டாங்க. இவங்க எடுத்துக்கறேன்னாங்க. நான் கூட வந்தாத்தான் எடுத்துக்குவோம்னு சொன்னாங்க. நம்ம உழைப்பெல்லாம் குப்பைக்குப் போறதுக்கு, உயிரோட இருந்தாப் போதும்னு நினைச்சேன்."

"படத்தைக் குடுத்தே."

"அது எல்லாரும் பாக்கற மாதிரி இருந்த படம்தானே? எல்லாரும்னா அதுல அவங்களும்தான்."

"நாங்க எல்லாரும்னு சொன்னது எங்களை. சரி, படத்தை விடு. என் குரல்?"

சூமியா மேஜையைப் பார்த்தாள். "அது தனியா இல்லக்கா. ஆப்போட சேர்ந்ததுதான். அவங்க நிலம் வாங்கறதுக்கு அதைப் பயன்படுத்துவாங்கன்னு முதல்ல எனக்குத் தெரியாது."

"முதல்லன்னா?"

சூமியா டீக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இஜ்ஜா சித்திகிட்ட என்ன பேசணும்னு யாரு எழுதினது? அந்த 'மகனுக்கும் பாரம் குறையும்'ங்கறதை யாரு எழுதினது? அவங்களுக்கு மகன் இருக்கான்னு கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொம்பளை கையால நீ அத்தனை நாள் சாப்பிட்டிருக்கே."

சூமியா அழ ஆரம்பித்தாள். "நான் இல்லேன்னா வேற யாராவது வந்து இதைவிட மோசமா பண்ணியிருப்பாங்கக்கா. நான் இருந்ததாலதான் விலையாவது நல்லதாக் கிடைச்சுது. அந்த ஊரு எப்படியும் காலியாகத்தான் போகுது. எல்லாக் கணக்கும் அதைத்தான் சொல்லுது. கைக்கு ஏதாவது வந்தப்புறம் போகட்டும்னு..."

யாம்னா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் சூட்டும் நாளில் அழுத அதே அழுகை. அதே மாதிரி மூக்கை உறிஞ்சினாள். இரண்டில் எது உண்மை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

"என் குரலை நிறுத்து."

"என்னால முடியாதுக்கா. என் கையில இல்ல." பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே உதவி செய்கிற நினைப்பில் சொன்னாள்: "நீ வேணும்னா இங்கே வா. மத்த பள்ளத்தாக்குக்கெல்லாம் குரல் தேவைப்படுது. நான் பேசறேன்."

யாம்னா எழுந்தாள். கதவருகே வந்ததும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சாபம் விடலாம் என்று பார்த்தாள். ஆனால் அந்த அறையில் பேசக்கூடப் பயமாக இருந்தது. எந்தச் சுவருக்குப் பின்னால் எது கேட்டுக்கொண்டு, கற்றுக்கொண்டு இருக்குமோ. வாயைத் திறக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தை தத்தித் தத்தி ஓடி வந்தது. "வாடி" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. இரண்டு மூன்று நாள், "ஏய்", "பொண்ணே" என்றே கூப்பிட்டாள். ஹம்மூதான் ஒருநாள் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டான். "பேரு என்ன பண்ணுச்சு? அவ கொண்டு வந்து குடுத்த பேரா இது? நீ வெச்ச பேரு. கூப்பிடு." யாம்னா கூப்பிட்டாள். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அன்றோடு அந்த வருத்தம் மட்டும் விட்டது.

அதற்குள் இன்னொரு சேதி வந்திருந்தது. கம்பெனி ஆட்கள் பள்ளிவாசல் பக்கத்து நிலங்களை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். அங்கேயும் படத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது. யாம்னா கொட்டகைக்குப் போனாள். யாரும் பேசாத அந்தக் கொட்டகையின் நடுவில் நின்றாள்.

"என்னை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நான் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இந்த வாரம் போன் வந்தா, எல்லாரும் கிணறு வத்திப்போச்சுன்னு சொல்லுங்க. தண்ணி இருந்தாலும் சொல்லுங்க. பொய் சொல்லுங்க."

ஒரு மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "நீதானே உண்மையச் சொல்லு, உண்மையச் சொல்லுன்னு வீடு வீடா வந்து திட்டினே?"

"ஆமா. நான்தான் திட்டினேன். இப்போ நான்தான் சொல்றேன். போன்ல இல்ல, நேர்ல வந்து, என் மூஞ்சியோட வந்து சொல்றேன்."

அன்று சாயங்காலமே அது ஊர் முழுக்கப் பரவியது. வீடு வீடாகப் பெண்களே போய், போனைத் தொடாமல், வாயும் காதுமாகச் சொன்னார்கள். அந்த வாரம் தம்ரூத்தின் படம் முழுக்கச் சிவப்பாகியது. ஒரு துளி நீலம் இல்லை. பள்ளிவாசல் பக்கம் அளந்துவிட்டுப் போன ஆட்கள் திரும்பி வரவில்லை.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட ஆழ்துளைகள் இறைத்துக்கொண்டேதான் இருந்தன. ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி அரசு அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போனார்கள், யாம்னாவும் போனாள். அங்கிருந்த அதிகாரி தன் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பினார்.

"தர்பூசணிக்காரங்க உங்க தண்ணியை எடுத்துட்டாங்கன்னு சொல்றீங்க. ஆனா ஊரு மொத்தமும் ஒரே வாரத்துல வத்திப்போனதா நீங்களே சொல்லியிருக்கீங்களே. அவங்க தோட்டத்துப் பக்கத்துல இருக்கறதும் வத்திருச்சு, எட்டத்துல இருக்கறதும் வத்திருச்சு. இதை வெச்சு நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"அது பொய் சார். நாங்க பொய் சொன்னோம்" என்றான் ஹம்மூ.

"அப்போ இதுக்கு முந்தி சொன்னது?"

ஹம்மூ யாம்னாவைத் திரும்பிப் பார்த்தான். யாம்னா தரையைப் பார்த்தாள்.

ஊருக்குள்ளும் அதே கதைதான். பம்பு ஓட்டுகிற முறை என்று ஒன்றை வைத்திருந்தார்களே, அது நின்றது. ஜிலாலி ஒருநாள் தன் முறை இல்லாத நாளில் பம்பைப் போட்டான். கேட்கப் போனவர்களிடம் சத்தம் போடாமல், சாதாரணமாகச் சொன்னான்: "எந்த அளவை வெச்சு முறை? யார் கிணத்துல என்ன இருக்குன்னு இப்போ யாருக்குத் தெரியும்? நாமதான் எல்லாருமே பொய் சொல்றோமே." கேட்கப் போனவர்கள் அப்படியே திரும்பி வந்தார்கள். மறுபடி ஆளாளுக்குத் தன் கிணற்றை மூடி வைத்துக்கொண்டார்கள். மறுபடி, ஏதோ ஆண்டவன் புண்ணியத்துல ஓடுது.

யாம்னா தன்னளவில் விடவில்லை. தன் வீட்டைச் சுற்றியிருக்கிற ஐந்தாறு வீட்டுக் கிணறுகளில் தானே போய்க் கயிறு விட்டுப் பார்க்கிறாள். எந்த வீட்டு அளவை எந்த வீட்டில் சொல்வது என்று அந்தந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறாள். இரண்டு வீட்டார் அவளை உள்ளே விடுவதில்லை. அவள் கோபித்துக்கொள்வதும் இல்லை. கொட்டகையில் இப்போது பேசுகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தை முடிவு செய்கிற பேச்சு வந்தால் அவள் பக்கம் பார்ப்பதில்லை.

இஜ்ஜா சித்தி குளிர் முடியும் முன்னால் கிளம்பினாள். நிலம் போனபின் வீட்டுக் கிணறும் வற்றிப்போய், மகனோடு அகாதிரில் இருக்கப் போகிறாள். யாம்னா மூட்டை தூக்க ஹம்மூவையும் அழைத்துக்கொண்டு போனாள். வாசலில் வேன் நின்றிருந்தது. கம்பளி, பானை, மாவு மூட்டை எல்லாம் வெளியே கிடந்தன.

"சித்தி..." என்று ஆரம்பித்தாள்.

இஜ்ஜா கையைத் தூக்கி நிறுத்தினாள். "உன் மேல எனக்குக் கோவம் இல்லடி. அல்லா மேல ஆணையா இல்ல. ஆனா உன் குரலைக் கேட்டா வயிறு எரியுது. பேசாம மூட்டையைத் தூக்கு."

யாம்னா பேசாமல் தூக்கினாள். ஒவ்வொன்றாக வேனின் மேலே ஏற்றி, ஹம்மூ கட்டக் கட்ட இவள் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் இஜ்ஜாவின் முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றினாள். கதவில் மாட்டிக்கொண்ட போர்வை நுனியை உள்ளே தள்ளிவிட்டாள். இஜ்ஜா அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, ஏதோ சொன்னாள். வேன் கிளம்பிய சத்தத்தில் ஹம்மூவுக்கு அது கேட்கவில்லை.

"என்ன சொன்னாங்க? போயிட்டு வரேன்னு சொன்னாங்களா?"

"இல்ல. போறேன்னுதான் சொன்னாங்க" என்றாள் யாம்னா.